'ரோஸ்மேரிஸ் பேபி' நாவலின் இரண்டாம் பாகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரா லெவின் 1967-இல் எழுதிய 'ரோஸ்மேரிஸ் பேபி', பாளையங்கோட்டையில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன நாவல். முப்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல், அவரே அதற்கு 'சன் ஆஃப் ரோஸ்மேரி' என்று இரண்டாம் பாகம் எழுதினார். முதல் நாவலை நேசித்தவர்கள் இரண்டாவதை ஆசையோடு வாங்கிப் போகிறார்கள். மனத்தாங்கலோடு திருப்பிக் கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்பவற்றுக்கும், படிக்கலாமா என்று தயங்குகிறவர்கள் கேட்பவற்றுக்கும் என் பதில்கள் இவை. இரண்டு நாவல்களின் முடிவுகளையும் மறைக்காமல் பேசியிருக்கிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் முதல் நாவலைப் படித்துவிட்டு இங்கே வாருங்கள்.

முதல் நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1965-ஆம் ஆண்டு. நியூயார்க்கில் 'பிராம்ஃபோர்ட்' என்ற பழைய அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஓர் இளம் தம்பதி குடிவருகிறார்கள். கணவன் கய் வுட்ஹவுஸ், வாய்ப்புத் தேடும் நடிகன். மனைவி ரோஸ்மேரிக்குக் குழந்தை வேண்டும். பக்கத்து வீட்டில் ரோமன், மின்னி காஸ்டவெட் என்ற வயதான தம்பதி. அன்பானவர்கள், கொஞ்சம் தொணதொணப்பானவர்கள். கய்க்குப் போட்டியாக இருந்த நடிகன் திடீரென்று கண்பார்வை இழக்கிறான், வேடம் கய்க்குக் கிடைக்கிறது. ரோஸ்மேரி கருவுறுகிறாள். பக்கத்து வீட்டார் சாத்தானை வழிபடுகிறவர்கள் என்பதும், வாய்ப்புக்காகக் கணவனே தன்னை விற்றுவிட்டான் என்பதும் அவளுக்கு மெல்ல மெல்லத் தெரியவருகின்றன. 1966 ஜூனில் பிள்ளை பிறக்கிறது. இறந்துவிட்டது என்று சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் அழுகுரல் கேட்டு, கையில் கத்தியோடு போய்ப் பார்க்கிறாள். கறுப்புத் துணி போர்த்திய தொட்டிலில் சாத்தானின் பிள்ளை, அவள் வயிற்றில் பிறந்த பிள்ளை. கத்தியோடு போனவள் தொட்டிலை ஆட்டத் தொடங்குவதோடு நாவல் முடிகிறது.

இதில் அப்படி என்ன பயம் இருக்கிறது? பேய் என்று ஒன்று பெரிதாக வருவதே இல்லையே?

அதுதான் காரணம். நாவலின் பயம் அன்பான மனிதர்களிடமிருந்து வருகிறது. திருநெல்வேலி டவுணில் வளவுக்குள் குடியிருந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வெளியே ஒரே வாசல், உள்ளே வரிசையாக வீடுகள், பொதுவான முற்றம். ஒரு வீட்டுப் பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் எல்லா அடுக்களைகளிலிருந்தும் அவளுக்குக் கிண்ணம் வரும். அந்தக் கிண்ணத்தைச் சந்தேகப்பட நமக்கு மனம் வராது, சந்தேகப்படுவதே பாவம் என்று வளர்ந்திருக்கிறோம். லெவின் சரியாக அந்த இடத்தில் கை வைக்கிறார். மின்னி தினமும் ஒரு பானம் கலக்கிக் கொண்டுவந்து நின்று, குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு தாயத்து தருகிறாள். நல்ல மருத்துவரிடம் அழைத்துப் போகிறாள். ஒவ்வொன்றும் உதவிதான். ஒவ்வொரு உதவியும் ரோஸ்மேரியைச் சுற்றி எழும்பும் சுவரில் ஒரு செங்கல்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது நம் வழக்கம். ரோஸ்மேரிக்கு அந்தப் போக்கிடம் இல்லை. ஓமஹாவில் இருக்கும் அவளுடைய கத்தோலிக்கக் குடும்பம், சபைக்கு வெளியே மணம் செய்துகொண்டாள் என்று அவளிடமிருந்து விலகி நிற்கிறது. அந்த வெற்றிடத்தைத்தான் பக்கத்து வீட்டார் நிரப்புகிறார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சாத்தான் வருகிற பக்கங்களைக்கூட அதற்கு அடுத்தபடியாகத்தான் சொல்வேன்.

இன்னொன்று, லெவின் கதையை அன்றைய செய்தித்தாள்களோடு ஆணியடித்து இணைத்திருக்கிறார். ரோஸ்மேரி கருவுறும் இரவு 1965 அக்டோபர் 4. போப் ஆறாம் பவுல் உண்மையிலேயே நியூயார்க் வந்திருந்த நாள். 1966 ஏப்ரலில் 'கடவுள் இறந்துவிட்டாரா?' என்று அட்டையில் கேட்ட 'டைம்' இதழ் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடக்கிறது. எல்லாம் நடந்தவை, எல்லாம் சரிபார்க்கக் கூடியவை. அதனால் நடுவில் வைக்கப்பட்ட ஒரே ஒரு பொய்யும் உண்மையின் எடையைப் பெற்றுவிடுகிறது.

இரண்டாம் பாகத்தில் என்ன நடக்கிறது?

1973-இல் பக்கத்து வீட்டுச் சாத்தான் வழிபாட்டுக் கூட்டம் ரோஸ்மேரியை மந்திரத்தால் நினைவிழக்கச் செய்துவிட்டது. 26 ஆண்டுகள் கழித்து, 1999-இன் இறுதியில், கூட்டத்தின் கடைசி ஆள் இறந்த நொடியில் அவள் கண் விழிக்கிறாள். மகன் ஆண்டிக்கு இப்போது 33 வயது. உலகமே நேசிக்கும் மனிதன். பெரிய தொண்டு நிறுவனத்தின் தலைவன். புத்தாயிரம் பிறக்கும் நேரத்தில் உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்பது அவனுடைய திட்டம். ரோஸ்மேரியும் தொலைக்காட்சியில் தோன்றிப் புகழ் பெறுகிறாள். மெழுகுவத்திகளில் நஞ்சு இருக்கிறது, ஏற்றியவர்கள் மடிகிறார்கள். சாத்தான் வந்து அவளைக் கீழே அழைத்துப் போகிறான். அப்போது விழிப்பு வருகிறது. அவள் 1965-இல், கய்யின் பக்கத்தில், கட்டிலில் படுத்திருக்கிறாள். அத்தனையும் கனவு.

ஏமாற்றம் அந்தக் கடைசிப் பக்கங்களால் மட்டும் வந்ததா?

இல்லை. அதற்கு நெடுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. முதல் நாவலில் ஒரு படுக்கையறை, ஓர் அடுக்களை, இரண்டு வீடுகளையும் மறைவாக இணைக்கும் ஓர் அலமாரி. அவ்வளவுதான் இடம். இரண்டாவதில் உலகம் முழுவதும் வந்துவிட்டது: தொலைக்காட்சி, ஆண்டியின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு திரியும் கூட்டம், பூமியெங்கும் மெழுகுவத்தி. கோடிக்கணக்கானவர்கள் சாவதைப் படிக்கும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் நாவலில் ஒரு பெண் தன் வயிற்றுவலியை மருத்துவர் நம்பவில்லை என்று அழும்போது கையிலிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

காலத்தைக் கையாண்ட விதமும் தலைகீழாகிவிட்டது. முன்பு நடந்துமுடிந்த நாட்களில் ஆணியடித்தவர், இப்போது 1997-இல் உட்கார்ந்துகொண்டு 1999 டிசம்பர் 31-ஐ ஊகிக்கிறார். அந்த இரவு நமக்கும் வந்தது, விடிந்தது. 2000-க்குப் பிறகு படிக்கிற யாருக்கும் அந்த நாளின் அச்சம் ஒட்டாது.

மகன் தாயிடம் மகனுக்குரியதல்லாத விதத்தில் நெருங்கும் சில பகுதிகளும் உண்டு. கதைக்கு அவை எந்த ஆழமும் தரவில்லை. முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது என்பதால் சொல்கிறேன்.

கனவு என்று முடிப்பதில் அப்படி என்ன குற்றம்? எத்தனையோ கதைகள் அப்படி முடிகின்றனவே?

இந்தக் கதை அப்படி முடியக்கூடாது. முதல் நாவலின் உயிர்நிலை எது என்று பாருங்கள். மயக்கமருந்து கலந்த இனிப்பைத் தின்ற ரோஸ்மேரி பாதி மயக்கத்தில் கிடக்கிறாள்; கப்பல், கடல், போப் என்று ஏதேதோ காட்சிகள் ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு கணத்தில், இது கனவல்ல, உண்மையாகவே தனக்கு நடக்கிறது என்று உணர்கிறாள். மறுநாள் காலை கணவன் அதற்குச் சாதாரணமான விளக்கம் ஒன்றைச் சொல்லி மூடிவிடுகிறான். அதிலிருந்து கடைசிப் பக்கம்வரை நாவல் முழுவதும், நடந்தது நடந்தது என்று ஒரு பெண் தன்னந்தனியாகப் பிடிவாதம் பிடிப்பதுதான். மருத்துவர் நம்பவில்லை, கணவன் நம்பவில்லை, கடைசியில் வாசகர்களாகிய நாம் மட்டும் நம்பினோம்.

முப்பது ஆண்டுகள் கழித்து, அவளைப் படைத்தவரே வந்து, கனவுதான் என்கிறார். கய் சொன்ன பொய்யின் பக்கம் ஆசிரியர் போய் நின்றுவிட்டார். ரோஸ்மேரி பட்ட வலி, அவளை எச்சரிக்கப் போய் இறந்த நண்பர் ஹட்ச், தொட்டிலருகே அவள் எடுத்த அந்தப் பயங்கரமான முடிவு, எல்லாம் இல்லையென்று ஆகிவிடுகின்றன. சுமாரான தொடர்ச்சியாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுகிற தொடர்ச்சியை மன்னிக்க முடியவில்லை.

வேறு விதமாகவும் படிக்கலாம் என்கிறார்களே? கனவு ஒரு எச்சரிக்கை, கதை மறுபடியும் தொடங்கப்போகிறது என்று?

அப்படியும் படிக்கலாம். விழித்த பிறகு புதிய வீடு ஒன்றைப் பற்றிய செய்தி வருகிறது. அந்த வீடு டகோட்டா என்ற கட்டடத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் உண்மையிலேயே உள்ள கட்டடம் அது. 1968-இல் வந்த திரைப்படத்தில் பிராம்ஃபோர்டாகக் காட்டப்பட்டதும் அதன் வெளித்தோற்றம்தான். எனவே சுழற்சி மீண்டும் தொடங்குகிறது, இந்த முறை அவளுக்கு முன்னறிவு இருக்கிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. எங்கள் வட்டத்திலும் ஒரு நண்பர் இதை உறுதியாகச் சொல்கிறார். அவர் வாதம் கெட்டிக்காரத்தனமானது, நாவலில் அதற்கு இடமும் இருக்கிறது. ஆனாலும் அது மூளைக்குத்தான் விடை சொல்கிறது. ஹட்சுக்காக வருத்தப்பட்டவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் பேய்க்கதைக்கு இரண்டாம் பாகமே கூடாதா?

கூடும். நம் பக்கத்திலேயே அதற்கு மிகச் சிறந்த முன்மாதிரி இருக்கிறது. இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு பிறவிகளில் நடக்கும் கதை. முதல் பிறவியில் நகைக்காகக் காதலன் ஒரு தாசியைக் கொல்கிறான்; அவளைத் தேடி வந்த அண்ணனும் உயிரை விடுகிறான். அடுத்த பிறவியில் அவள் நீலியாகப் பிறக்கிறாள். கொன்றவன் வணிகனாகப் பிறக்கிறான். கள்ளிக் கொப்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே வருகிறாள் நீலி. இவர் என் கணவர், இது எங்கள் பிள்ளை, என்னைக் கைவிடப் பார்க்கிறார் என்று ஊரார் முன்னால் முறையிடுகிறாள். அவன் பதறுகிறான், கெஞ்சுகிறான். ஊர்ப் பெரியவர்கள் அழுகிற பெண்ணையும் பிள்ளையையும் பார்த்து இரங்கி, அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும் உயிரை விடுகிறார்கள்.

இரண்டாம் பிறவியின் ஒவ்வொரு செயலும் முதல் பிறவியில் பட்ட கடனுக்குப் பதில். அன்று அவன் அவளை நம்ப வைத்துக் கொன்றான். இன்று அவள் ஊரையே நம்ப வைத்துக் கொல்கிறாள். பயமும் கூடுகிறது, நியாயமும் கூடுகிறது. மேலே சொன்ன ஊராரின் இரக்கத்தையும் கவனியுங்கள்: நல்ல மனம்தான் கதவைப் பூட்டுகிறது. லெவினின் முதல் நாவலுக்கு இதைவிட நெருக்கமான உறவுக் கதை எனக்குத் தெரிந்து இல்லை.

வில்லுப்பாட்டில் கனவு என்று முடிக்கவும் முடியாது. சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு பாடும்போது, சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வந்து இறங்க வேண்டும். சுடலைமாடன் கோயில் கொடை என்றால் நள்ளிரவில் பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போக வேண்டும். பாடப்பட்டது நடந்தது என்ற உறுதியில்தான் அந்த இரவு முழுவதும் நிற்கிறது. விடிய விடிய அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு 'சன் ஆஃப் ரோஸ்மேரி'யின் முடிவு கூடுதலாக உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யோடு ஒப்பிடலாமா?

தாராளமாக. 1943-இல் வந்த அந்தச் சிறுகதையிலும் பயம் இரக்கத்தின் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது: பிச்சை கேட்டு வந்தவளை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் யார் என்பதைப் புதுமைப்பித்தன் கடைசிவரை கட்டி முடிச்சுப் போடவில்லை. கனவென்றும் சொல்லவில்லை. தெரியாமல் விடுவது வேறு, நடக்கவில்லை என்று அழிப்பது வேறு.

'ரோஸ்ட் மியூல்ஸ்' (ROAST MULES) புதிருக்கு விடை என்ன?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இரண்டாம் பாகத்தில் இந்த எழுத்துகளை மாற்றி அடுக்கினால் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த ஓர் ஆங்கிலச் சொல் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். நாவல் விடையைச் சொல்லாமலே முடிந்துவிடுகிறது. விடை 'சாமர்சால்ட்' (SOMERSAULT), குட்டிக்கரணம். பத்து எழுத்துகளும் பொருந்துகின்றன. கதை கடைசியில் குட்டிக்கரணம் அடிப்பதற்கான குறிப்பு என்று சிலர் சொல்கிறார்கள், இருக்கலாம்.

முதல் நாவலிலும் எழுத்துப் புதிர் உண்டு. ரோஸ்மேரி விளையாட்டு எழுத்துக்கட்டைகளைத் தரையில் பரப்பி மாற்றி மாற்றி அடுக்க, ரோமன் காஸ்டவெட் என்ற பெயருக்குள்ளிருந்து ஒரு பழைய மந்திரவாதியின் மகனுடைய பெயர் வெளிவருகிறது. அந்த நொடியில் கதையே திரும்புகிறது. இரண்டாவதில் புதிர் கதைக்கு வெளியே தொங்குகிறது.

திரைப்படத்துக்கும் இந்த இரண்டாம் பாகத்துக்கும் தொடர்பு உண்டா?

முதல் நாவலை ரோமன் போலான்ஸ்கி 1968-இல் படமாக்கினார். மியா ஃபாரோ ரோஸ்மேரியாக நடித்தார், மின்னியாக நடித்த ரூத் கார்டனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 'சன் ஆஃப் ரோஸ்மேரி'யை லெவின் மியா ஃபாரோவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். 1976-இல் தொலைக்காட்சிக்காக எடுத்த தொடர்ச்சிப் படம் வேறு கதை, இதோடு சம்பந்தமில்லை.

லெவின் மோசமான எழுத்தாளரா?

இல்லவே இல்லை. 1953 முதல் 1997 வரை ஏழே நாவல்கள் எழுதியவர், அவசரக்காரர் அல்லர். 'தி ஸ்டெப்ஃபோர்ட் வைவ்ஸ்' (1972), 'தி பாய்ஸ் ஃப்ரம் பிரேசில்' (1976) இரண்டையும் தேடிப் படியுங்கள். 'சன் ஆஃப் ரோஸ்மேரி' அவருடைய கடைசி நாவல், 2007-இல் காலமானார். வேறு நாவல்களைப் படிக்காமல் இதை மட்டும் வைத்து அவரை எடைபோடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சபைக்குத் தவறாமல் போகும் குடும்பம் எங்களுடையது. சாத்தானைப் பற்றிய நாவலை வீட்டில் வைத்திருக்கலாமா?

பாளையங்கோட்டையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது, வர வேண்டிய கேள்வியும்தான். லெவின் சாத்தானை நம்பியவர் அல்லர். பிற்காலத்தில், தன் நாவலும் அதைத் தொடர்ந்து வந்தவையும் சாத்தான் நம்பிக்கையை மக்களிடம் பெருக்கிவிட்டனவே என்ற குற்றவுணர்வை அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். முதல் நாவல் சாத்தானைப் புகழவில்லை. சொந்த லாபத்துக்காக மனைவியை விற்கும் கணவனை அது காட்டுகிறது. விசுவாசத்தை விட்டு விலகிய பெண் உள்ளூரப் படும் துயரத்தையும் மரியாதையோடு காட்டுகிறது. பெரியவர்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டாம்.

மாசமாக இருப்பவர்கள் படிக்கலாமா?

பிரசவம் முடியட்டும். எதிர்பார்த்த பிள்ளையாக இல்லாமல் வேறொன்றாக ஒரு கரு வளர்ந்தால் என்ற எண்ணத்திலிருந்துதான் நாவல் பிறந்தது என்று லெவினே எழுதியிருக்கிறார். அந்தப் பத்து மாதத்தில் அதை வாசிப்பது தேவையில்லாத தண்டனை.

ஆனால் பிறகு கட்டாயம் படியுங்கள், கணவர்களையும் படிக்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் வலியில் துடிக்கும் ரோஸ்மேரியிடம் மருத்துவர் சேப்பர்ஸ்டீன், ஓரிரு நாளில் சரியாகிவிடும், புத்தகம் படிக்காதே, தோழிகள் பேச்சைக் கேட்காதே என்கிறார். வீட்டில் நடக்கும் விருந்து ஒன்றில் தோழிகள் அவளை அடுக்களைக்குள் இழுத்து, கய்யை வெளியே நிறுத்திக் கதவை அடைத்துவிட்டு, இது இயல்பான வலி இல்லை, வேறு மருத்துவரைப் பார் என்று சொல்லும் இடம் வருகிறது. நாவலில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே உண்மையான தாய்வீடு அந்த அடுக்களைதான்.

இரண்டாம் பாகத்தில் நல்லதே இல்லையா?

தொடக்கம் நன்றாக இருக்கிறது. ஏழு வயதுகூட நிரம்பாத மகனை விட்டுவிட்டுக் கண் மூடியவள், விழிக்கும்போது அவனுக்கு முப்பத்து மூன்று. அவன் நல்லவன் என்று நம்ப அவள் மனம் தவிக்கிறது. அவனுக்குள் தன்னிடமிருந்து வந்த மனிதப் பாதி ஜெயித்திருக்கும் என்று எண்ணுகிறாள். முதல் நாவலின் கடைசிப் பக்கத்தில் தொட்டிலை ஆட்டியவளுக்கு ஏற்ற தொடர்ச்சி இதுதான்: தாயன்பு எதுவரை கண்ணை மறைக்கும்? அந்த ஒரு கேள்வியோடு தாயையும் மகனையும் ஒரே வீட்டில் விட்டிருந்தால் போதும். கையிலிருந்த பொருளை லெவின் பாதியில் கீழே போட்டுவிட்டு மெழுகுவத்திகளின் பின்னால் போய்விட்டார். அந்த முதல் சில அத்தியாயங்களுக்காக ஒருமுறை படிக்கலாம், இரவல் வாங்கி.

தெரியாமல் இரண்டாம் பாகத்தை முதலில் படித்துவிட்டேன். இனி முதல் நாவல் சுவைக்குமா?

சுவைக்கும். பிள்ளை யாருடையது என்பது தெரிந்தபின்தான் கய் பேசும் வசனங்கள் ஒவ்வொன்றும் வேறு மாதிரி கேட்கும். காஸ்டவெட் வீட்டுக்கு அவர்கள் முதன்முதலில் விருந்துக்குப் போகும் அத்தியாயத்தில் நிதானமாகப் படியுங்கள். பெண்கள் இருவரும் அடுக்களையில் பாத்திரம் கழுவுகிறார்கள். கய்யும் ரோமனும் அடுத்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை லெவின் எழுதவே இல்லை. மறுநாள் இரவும் அங்கே போக வேண்டும் என்று கய் தானாகவே கிளம்புகிறான்.